பிரியாணிக்கு இஸ்திரி

தோஸ்து,

ஒரு மானக்கேடான விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ இருந்திருந்தால் நீயே மோப்பம் பிடித்து ஊரெல்லாம் பரப்பியிருப்பாய். இப்போது அந்த வேலையும் என் தலையில் விழுந்திருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் எனக்கே பரிமாறிக்கொண்டு, எனக்கே உபசாரமும் செய்துகொண்டிருந்தேன். "அட, இன்னும் ஒரு கரண்டி வெச்சுக்கங்க, கூச்சப்படாதீங்க" என்று ஒரு குரல். "ஐயோ போதும், வயிறு ரொம்பிடுச்சு" என்று இன்னொரு குரல். இரண்டும் என்னுடையவைதான். ஜன்னலைச் சாத்த மறந்துவிட்டேன். எதிர்வீட்டு டீச்சரம்மா மாடிக் கொடியில் துணி காயப்போட வந்தவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், விருந்தாளியா? வீட்டம்மா மஸ்கட்லருந்து வந்துட்டாங்களா?"

"இல்ல டீச்சர், நான்தான்."

"நீங்க இருக்கறது தெரியுது. கூட யாரு?"

"அதுவும் நான்தான்."

டீச்சரம்மா அப்போதுதான் போட்ட ஈரத்துணியை எல்லாம் அவசரமாக அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். வேலூர் சத்துவாச்சாரியில் இந்நேரம் நாலு தெருவுக்குச் செய்தி போயிருக்கும். மனைவி நர்ஸ் வேலைக்கு மஸ்கட் போய்விட்டாள், மகள் ஹாஸ்டலில் இருக்கிறாள், பாவம், ஆளுக்குக் கழன்றுவிட்டது என்று.

கழலவில்லை. புதினாவும் அரைத்த காய்ந்த மிளகாயும் தயிரும் சேர்ந்து என் குட்டிப் பிரியாணிப் பாத்திரத்திலிருந்து ஒரு ஆவி எழும்பியது பார், அது நேராக என்னைத் தூக்கிக்கொண்டு போய் ஆம்பூரில், உன் அறை வாசலில் இறக்கிவிட்டது. உபசாரம் உன்னுடைய பழக்கம். "தனியா சாப்பிட்றவனுக்கு ரெண்டு வேலை தோஸ்து. வீட்டுக்காரனும் அவன்தான், விருந்தாளியும் அவன்தான்" என்பாய். உனக்கு நீயே சோறு போட்டுக்கொண்டு, வேண்டாம் வேண்டாமென்று உன் கையை நீயே தடுத்து, கடைசியில் மனமிரங்கி இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்வாய். அந்த நாடகத்தை மறைந்திருந்து பார்த்து ஃபாக்டரி முழுக்க நடித்துக் காட்டிய பாவி நான். இப்போது டீச்சரம்மா எனக்காக நடித்துக் காட்டிக்கொண்டிருப்பார்.

அப்போது தொண்ணூறுகளின் கடைசி. கடைத்தெருவுக்குப் பின்னால் அந்த மாடியில் எதிரும் புதிருமாக இரண்டு அறைகள். ஒன்றில் நீ, ஒன்றில் நான். இரண்டு பேருக்கும் முப்பத்தைந்தை நெருங்கிய வயது, இரண்டு பேருக்கும் கல்யாணமில்லை. எனக்கு ஏன் ஆகவில்லை என்று யாரும் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்கள். உனக்கு ஏன் ஆகவில்லை என்பதற்கு மட்டும் ஊரில் மூன்று கதைகள் உலவின. மூன்றிலும் நீ அழகாகத்தான் இருந்தாய்.

ஒரே ஷூ கம்பெனி நமக்கு. நான் பாக்கிங்கில் அட்டைப்பெட்டிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நீ சாம்பிள் ரூமில் ராஜா. ஆயிரக்கணக்கில் ஷூ தைப்பதற்கு முன் ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு பையருக்குக் காட்ட ஒரே ஒரு ஜோடி செய்ய வேண்டும். அந்த ஒரு ஜோடியை வெட்டி, சீவி, தைப்பவன் நீ. "ஆயிரம் ஜோடி எவனும் தெப்பான். ஒண்ணே ஒண்ணு செய்யச் சொல்லு, அதான் வித்தை" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வாய்.

மூன்று வேளையும் ஓட்டலில்தான் சாப்பிட்டோம். அதற்கு முடிவு வந்தது உன் பெல்ட்டால். பக்ரீத்துக்குப் பேரணாம்பட்டில் உன் அக்கா வீட்டுக்குப் போனாய். உன் அக்காவை நீ ஆபா என்று கூப்பிடுவாய், நானும் அப்படியே கூப்பிடப் பழகியிருந்தேன். அம்மா இல்லாத உன்னைத் தூக்கி வளர்த்தவர். அவர் கண் உன் முகத்தைப் பார்க்கவில்லை, இடுப்பைப் பார்த்தது. சாம்பிள் ரூம் ஆணியால் பெல்ட்டில் நீயே புதுசாக ஓட்டை போட்டிருந்தாய். இளைக்க இளைக்க ஓட்டைகளும் பின்னால் நகர்ந்துகொண்டே போயிருந்தன.

"அங்க இருந்து என்னத்தடா கிழிச்சே? மூட்டையக் கட்டு. முன்ரூம் காலியா இருக்குது. இங்கருந்தே பஸ்ல போய்ட்டு வா."

திரும்பி வந்து என் அறைக் கதவைத் தட்டியபோது உன் முகம் வெளுத்திருந்தது. அக்கா வீட்டுச் சோறு கசக்குமா என்று கேட்டேன்.

"சோறு தேனுடா. அங்க போனா நான் அக்கா புள்ளைங்களுக்குப் பெரிய மாமு ஆய்டுவேன். உக்கார வெச்சு ஊட்டாத கொறையாப் போடுவாங்க. ஒரு டீ என் இஷ்டத்துக்குப் போட்டுக் குடிக்க முடியாது. வெங்காயத்த நானே வதக்கி, ஜாஸ்தி கருக்கி, இதுதான் எனக்குப் புடிக்கும்னு நின்னுக்கினே திங்க முடியாது. இங்க நான் மாமுவும் இல்ல, மச்சானும் இல்ல. நான்தான்."

வெங்காயம் வதக்கவே தெரியாதவன் பேசிய பேச்சு அது. ஆனாலும் கெஞ்சிக் கூத்தாடி ஒரு மாதத் தவணை வாங்கி வந்திருந்தாய். ஆபா வருவார். நீயே சமைத்து, ஒழுங்காகச் சாப்பிடுகிறாய் என்று அவர் கண்ணால் பார்த்தால் நீ இந்த அறையிலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் அன்றைக்கே சாமான் கட்ட வேண்டும்.

"பையர் இன்ஸ்பெக்‌ஷன் தோஸ்து!" என்று திடீரென்று கையைத் தட்டினாய். பயம் போய்விட்டது, கண்ணில் வெறி வந்துவிட்டது. "ஒரு ஆளுக்கு பிரியாணி. ஒரே ஒரு ஆளுக்கு. ஆம்பூர்ல இதுவரைக்கும் எவனும் செஞ்சிருக்க மாட்டான்."

உண்மைதான். நம்மூரில் பிரியாணி என்றால் கிலோக்கணக்குதான். ஒரு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ கறி, இவ்வளவு தயிர், இவ்வளவு மிளகாய் என்று பச்சைக் குழந்தையும் சொல்லும். அதைப் பத்தாக வகுத்தால் என்ன ஆகும் என்று எந்தச் சமையல் பண்டாரிக்கும் தெரியாது. நீ வகுக்க உட்கார்ந்தாய். பட்டையை, ஷூத் தோலின் ஓரம் சீவும் கத்தியால் சீவிச் சீவி, "ஒரு மில்லிமீட்டர் போதும்" என்றாய். ஒரு கிராம்பை நாலாகப் பிளக்கப் போய் அது தெறித்து என் மூக்கில் பட்டது. கறிக்கடையில் நூறு கிராம் கேட்டபோது கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னா பாய், வீட்ல பூனை குட்டி போட்டிருக்குதா?"

"எனக்குத்தாம்பா."

"ஒடம்பு கிடம்பு சரியில்லயா?"

கடைத்தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் யாரோ போல எதிர்ப்பக்கம் நின்று சினிமா போஸ்டர் படித்தேன்.

முதல் முயற்சியில் வந்தது பிரியாணி அல்ல, பசை. "என் டிபார்ட்மென்டுக்குக் குடு, அட்டைப்பெட்டி ஒட்டிக்கிறோம்" என்றேன். கரண்டியால் அடிக்க வந்தாய். அடுத்தது அடி கருகி மேலே பச்சை அரிசியாக நின்றது. அப்புறம்தான் நோய் எங்கே என்று பிடித்தாய். "தம் இல்ல தோஸ்து. கீழ மட்டும் நெருப்பு இருக்குது. மூடி மேல கங்கு கொட்டணும்." மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் சமைக்கிறவன் கங்குக்கு எங்கே போவான்? தலையைச் சொறிந்துகொண்டு மாடியிலிருந்து தெருவைப் பார்த்தாய். மூலையில் இஸ்திரிக்காரர் ஒரு வேட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். உன் கை சொறிவதை நிறுத்தியது.

நீ படியில் இறங்கிய வேகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மூச்சு வாங்குகிறது.

"பொட்டி நெறைய கங்கு! மேல வெயிட்டு! மூடி மேல நிக்கும், மாவே ஒட்ட வேணாம்!" என்று தெருவிலிருந்தே கத்தினாய். இஸ்திரிக்காரருக்கு விஷயம் புரியவே நேரமாயிற்று. புரிந்ததும், "ஞாயித்துக்கெழமை நான் சோறு துன்னப் போற நேரத்துல எடுத்துக்கோ. வக்கீல் சட்டைல மசால் வாசனை வந்துச்சுன்னா கேஸு உம்மேலதான்" என்றார். ஆபா வருவதும் அதே ஞாயிற்றுக்கிழமைதான். ஒத்திகை பார்க்க வழியில்லை. சாம்பிள் பார்க்காமலே ஆர்டரை அனுப்பிய ஒரே சாம்பிள்காரன் நீதான்.

அன்றைக்கு ஆபா சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். கையில் காலிக் கோணிப்பைகள். உன் சாமானைக் கட்டிக்கொண்டு போகத் தயாராகவே வந்திருந்தார். அறைக்குள் நுழைந்தவர் ஸ்டவ்வைப் பார்த்தார். ஸ்டவ் மேல் குட்டிப் பாத்திரம், பாத்திரத்து மூடி மேல் புகைந்துகொண்டு கனத்த இஸ்திரிப் பெட்டி.

"இன்னாடா இது?"

"தம், ஆபா."

"சோத்துக்கு இஸ்திரி போட்றியா?"

"இல்ல ஆபா, கங்கு..."

"நீ போட்டிருக்கிற சட்டை மாடு மென்னு துப்புன மாதிரி இருக்குது. சோத்துக்கு இஸ்திரியா?" என்றார். பிறகு உருதுவில் நிறைய. ஆபாவுக்குக் கோபம் வந்தால் உருது, தீர்ப்புச் சொல்ல மட்டும் தமிழ். உருது தெரியாத நான் சாட்சியாக இருக்க வேண்டுமே.

நீ அசரவில்லை. பெட்டியைத் துணி சுற்றித் தூக்கினாய், மூடியைத் திறந்தாய். அந்த ஆவி எழும்பியது. சீரகச் சம்பா ஒன்றோடொன்று ஒட்டாமல் நின்றது, மிளகாய்ச் சிவப்பு, புதினாப் பச்சை. நான் கைதட்டிவிட்டேன், தோஸ்து. உண்மையாகக் கைதட்டினேன். நீ தட்டில் கவிழ்த்தாய். தட்டு சரியாக நிறைந்தது. பாத்திரம் சுத்தமாகக் காலி.

அப்போதுதான் மூன்று பேரும் அந்தத் தட்டைப் பார்த்தோம். ஒரு தட்டு.

வீட்டுக்கு வருகிறவருக்குச் சோறு போட வேண்டும் என்ற நினைப்பே நம் இரண்டு மண்டைக்கும் வரவில்லை. ஆம்பூரில், ஒரு பாய் வீட்டில், அக்கா வருகிற அன்று, ஒரு ஆளுக்கு பிரியாணி! கிலோவைப் பத்தாக வகுத்த மேதை, வரப்போகிற ஆளைக் கூட்டிப் பார்க்கவில்லை.

"எனக்குப் பசிக்கல, நீங்க சாப்பிடுங்க ஆபா" என்றாய். "எனக்கும்" என்றேன். என் வயிறு அந்த நேரம் பார்த்துக் கத்தியது.

ஆபா உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உட்கார்ந்தார். பிஸ்மில்லா சொல்லி ஒரு துண்டுக் கறியை வாயில் போட்டார். பையர் ஷூவைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் வளைத்துப் பார்ப்பாரே, அதுபோல நெடுநேரம் மென்றார். நாம் இரண்டு பேரும் சுவரோரம் ஒட்டிக்கொண்டு நின்றோம். "இன்னும் ஒரு கரண்டி வெச்சுக்கங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாய். கரண்டி காலி. ஆபா சிரிக்கவில்லை. ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தட்டை வழித்தார், தண்ணீர் குடித்தார், கை கழுவினார். கோணிகளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஒன்றை மட்டும் உன் மேல் எறிந்தார்.

"இதுல வெங்காயம் கொட்டி வை. நல்லாருக்குடா."

தமிழில்தான் சொன்னார்.

பஸ் ஏற்றிவிட்டு வந்து நாம் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார். அப்புறம் நீ சொந்தமாகச் சமைத்து ஜெயித்ததைக் கொண்டாட நேராக ஓட்டலுக்குப் போய் இரண்டு பிளேட் பிரியாணி சாப்பிட்டோம். வக்கீல் சட்டை விவகாரம் தனிக் கதை. அதை விடு.

அந்த அறையில் கடைசிவரை நீ இருந்தாய். எனக்குக் கல்யாணமாகி வேலூர் வந்த பிறகும், எப்போது வந்து எட்டிப் பார்த்தாலும் நீ ஸ்டவ் முன்னால் குந்திக்கொண்டு எதையாவது பத்தால் வகுத்துக்கொண்டிருப்பாய். கால் முருங்கைக்காயில் சாம்பார், ஒற்றை முட்டையில் குருமா. வெங்காயத்தைக் கருக்கி நின்றுகொண்டே தின்பாய். உன் முகத்தில் அப்படி ஒரு கொழுப்பு! பெல்ட்டில் பழைய ஓட்டைக்குத் திரும்பியிருந்தாய். போன வருஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரே நாளில் போய்விட்டாய். அதற்கு மட்டும் தவணை கேட்கத் தெரியவில்லை உனக்கு.

இவள் மஸ்கட் போன முதல் வாரம் நான் ஓட்டலில் சாப்பிட்டேன். இரண்டாவது வாரம் கறிக்கடைக்குப் போய் நிமிர்ந்து நின்று நூறு கிராம் கேட்டேன். இப்போதெல்லாம் அரை டம்ளர் அரிசியைக் கழுவும்போதே எனக்குக் கல்யாண வீட்டுக் குஷி வந்துவிடுகிறது. பட்டையை மில்லிமீட்டரில் சீவுகிறேன். எனக்கு நானே இலை போடுகிறேன், வற்புறுத்துகிறேன், மறுக்கிறேன், பிறகு வாங்கிக்கொள்கிறேன். யாருமில்லாத வீட்டில் ஒரு ஆளை மரியாதையாக உட்காரவைத்துச் சோறு போடலாம் என்பதை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். டீச்சரம்மா என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும்.

உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. உன் நாற்பதாம் நாளுக்குப் பேரணாம்பட்டு போயிருந்தேன். ஆபா எனக்குச் சோறு போட்டுக்கொண்டே அந்த இஸ்திரிப் பெட்டியைப் பற்றிக் கேட்டார். உங்க தம்பி அன்னிக்கு செஞ்ச மாதிரி பிரியாணி எங்கயும் கெடையாது ஆபா என்றேன் நான், ஒரு பருக்கைகூட வாயில் வைத்துப் பார்க்காதவன்.

"கறி வேகவே இல்ல தம்பி" என்றார் ஆபா. "உப்பும் போடல."