முப்பது வினாடிக் கெடு

மாரிகுப்பம்,
ஞாயிறு காலை.

நமோ புத்தாய.

அன்பு மகள் தென்றலுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் விட்டுவிட்டு வருகிறது. காற்று திரும்பிவிட்டது. மைன்ஸ் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து தூசி வந்து வீடெல்லாம் படிகிறது. சோதனைக்கு வைத்திருக்கும் பழைய சர்வர் பெட்டியைப் புடவை போட்டு மூடியிருந்தேன். அது தன் புடவை என்று அம்மா இரண்டு நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை.

கணினியின் அடிப்படை நிரலான கெர்னலை எழுதும் ஆட்களின் பொதுமடலில் நான் எழுதுவதை உலகமே படிக்கிறது. சண்டையை அங்கே போடுகிறேன். வீட்டுப் பேச்சுக்குக் காகிதம் போதும். உன் அம்மா படித்த பிறகுதான் உறையை ஒட்ட விடுவாள். அதனால் அவளுக்கும் புரியும்படி எழுதுகிறேன், உனக்குத் தெரிந்ததையே சொன்னால் பொறுத்துக்கொள்.

உன் மின்னஞ்சலைப் படித்தேன். "ஒரே ஒரு வரிதான்பா, முப்பது செகண்டுக்கு மேல காத்திருக்காதேன்னு போட்டுடுங்க, எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரி இல்லாவிட்டால், கணினியில் செருகும் கார்டுகளை இயக்க நான் எழுதிய டிரைவர் நிரல் இந்த வெளியீட்டில் சேராது, பழையதே உங்கள் கம்பெனிப் பெட்டிகளில் இன்னும் ஓடும் என்கிறாய். அப்பா எழுதியது தாக்குப்பிடிக்கும் என்று மேலாளரிடம் நீ கொடுத்த வாக்கும் கெடும். எல்லாம் புரிகிறது. ஆனாலும் அந்த வரியைப் போட மாட்டேன்.

அந்தப் பழைய டிரைவர் என்ன செய்கிறது? ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலிருந்து ஒரு கார்டை உருவினால், அந்தக் கார்டுக்காக ஒதுக்கிய நினைவகத்தை அடுத்த கணமே வேறு வேலைக்குக் கொடுத்துவிடுகிறது. அந்தக் கார்டை இன்னும் பயன்படுத்திக்கொண்டிருக்கும் புரோகிராம் எதுவும் தெரியாமல் அதே இடத்தில் எழுதுகிறது. இப்போது அது இன்னொருவருடைய இடம். மொத்தக் கணினியும் விழுகிறது. பல வருடங்களாக அதற்கு ஒட்டுமேல் ஒட்டு போட்டார்கள். நான் முழுவதையும் தூக்கிவிட்டுப் புதிதாக எழுதி அனுப்பினேன். பொதுமடலில் முதலில் என் இங்கிலீஷைத் திருத்தினார்கள். பிறகு, மாற்றம் பெரிது, துண்டு துண்டாக அனுப்புங்கள் என்றார்கள். அனுப்பினேன். இத்தனை துண்டை யார் படிப்பது என்றார்கள். அதற்கு நான் எழுதிய பதில் கொஞ்சம் காரமாகப் போய்விட்டது என்று நீ வருத்தப்பட்டாய். எனக்கு வருத்தம் இல்லை.

கணினி கற்பதற்கு முன்னால் நான் வேலை பார்த்த தங்க மைன்ஸில் என்ன வழக்கம் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். கீழே இறங்குகிறவன் பலகையிலிருந்து தன் எண் போட்ட பித்தளைப் பில்லையை எடுத்துக்கொண்டு போவான். மேலே வந்ததும் திரும்ப மாட்டுவான். ஒரு கொக்கி காலியாக இருந்தாலும் ஷிப்ட் முடிந்து வெடி வைக்கக் கூடாது. நான் எழுதிய டிரைவரில் இருப்பது அவ்வளவுதான். கார்டைத் தொட்ட ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு பில்லை. எல்லாம் திரும்பி வரும்வரை நினைவகத்தில் கை வைக்காதே.

உன் பெரியப்பா கதிரைப் பற்றி நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. பாறை வெடித்த அன்று அவன் கீழே இருந்தான். தேடினார்கள், குறை சொல்ல மாட்டேன், கிடைக்கவில்லை. பிறகு அவன் இறங்கிய அந்த ஆழத்து லெவலையே அடைத்தார்கள். கொஞ்ச நாளில் அதே எண்ணில் புதுப் பில்லை அடித்து ஆபிரகாம் என்கிற ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். நல்ல மனுஷன். ஷிப்டில் அந்த எண்ணைக் கூப்பிட்டால் அவர்தான் "இருக்கேன்" என்பார். நான் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்ப்பேன். மைன்ஸை மூடும்வரை பார்த்தேன். முப்பது வினாடி ஆனதும் இடத்தை அடுத்தவனுக்குக் கொடு என்கிற வரியை என் கையால் எழுதச் சொல்லாதே.

அதற்காக, என் டிரைவர் பெட்டியையே நிறுத்திவிடுகிறது என்று உங்கள் கம்பெனி ஆட்கள் சொன்னது முழுக்கப் பொய் என்றும் சொல்ல மாட்டேன். உங்கள் சோதனையில் ஒரே ஒரு புரோகிராம் கார்டை விடவில்லை, அதற்காகப் பெட்டியில் மற்றக் கார்டுகள் செருகியிருந்த ஸ்லாட்டுகளும் சேர்ந்து நின்றுவிட்டன. அறிக்கையைப் பார்த்தேன். நான் எழுதியபடிதான் நடந்திருக்கிறது, அதுதான் கோபம். ஒரு வாரம் அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்து நானே கத்திக்கொண்டிருந்தேன். பொறுக்க முடியாமல் உன் அம்மா வந்து, "இன்னாங்க உங்க பிரச்சன" என்றாள். சொன்னேன். "வராத ஆளுக்கு ஒரு தட்டுல போட்டு மூடி வெச்சிட்டு மத்தவங்க துன்றதில்லையா? ஒருத்தர் வரலன்னு ஊட்டையே பட்டினி போடுவீங்களா? நல்லா இருக்குதே உங்க ஞாயம்" என்று சொல்லிவிட்டுப் புடவையை உருவிக்கொண்டு போனாள். நான் வேறு துணி தேடவில்லை. உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.

இப்போது இப்படி மாற்றியிருக்கிறேன். கார்டை உருவியதும் அந்த ஸ்லாட்டின் கதவு உடனே மூடும். புதிதாக யாரும் உள்ளே போக முடியாது. மற்ற ஸ்லாட்டுகள் தங்கள் வேலையைப் பார்க்கும், யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டியதில்லை. விடாத புரோகிராம் எதைக் கேட்டாலும் கார்டு போய்விட்டது என்று பதில் வரும். ஆனால் அதன் பங்கு நினைவகம் மட்டும் அப்படியே இருக்கும், அது தானாக விடும்வரை. விடாமலே போனால் இடம் வீணாகுமே என்று பொதுமடலில் ஒருவர் கேட்பார். கேட்கட்டும். அவ்வளவு பெரிய கணினியில் கைப்பிடி அளவு இடம் ஒருவனுக்காகக் கிடந்தால் யாருடைய குடி முழுகிப்போகும் என்று பதில் தயாராக வைத்திருக்கிறேன். இங்கிலீஷில் வேறு மாதிரி எழுதியிருக்கிறேன், பயப்படாதே.

காலையில்தான் அனுப்பினேன். இதையும் மறுத்து அந்த முப்பது வினாடியைத்தான் கேட்பார்கள் என்றால், என் பெயரை எடுத்துவிட்டு நிரலை வைத்துக்கொள்ளட்டும். கெடு போட்ட டிரைவரில் அப்பாதுரை என்கிற பெயர் இருக்காது.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். இந்தப் புதுப் பதிப்பை நீயே உங்கள் பெட்டியில் போட்டுச் சோதித்துப் பார். எந்தப் புரோகிராம் விடவில்லையோ அதையே மறுபடியும் ஓட்டிக் கார்டை உருவு. பெட்டி நின்றால், நின்றது என்று பொதுமடலிலேயே எழுது. அப்பன் ஆயிற்றே என்று பார்க்காதே. ஓடினால், சோதித்தவர் என்று உன் பெயரைக் கீழே போடு. மேலாளர் முகம் சுளித்தாலும் போடு. அவர்கள் என் சொல்லைத் தள்ளலாம். தங்கள் பெட்டியில் தங்கள் ஆள் பார்த்ததைத் தள்ள முடியாது.

முட்டிவலித் தைலம் அனுப்புகிறேன் என்றாயாமே, வேண்டாம், இங்கேயே கிடைக்கிறது என்று அம்மா சொல்லச் சொன்னாள். கோபத்தில் சொல்கிறாள், அனுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் வேலை நன்றாக நடக்கட்டும். ஊருக்கு எப்போது வருகிறாய் என்று இனிமேல் நான் கேட்கப்போவதில்லை, அம்மாவையும் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உனக்கு எப்போது முடிகிறதோ அப்போது வா. உன் அறையை யாருக்கும் வாடகைக்கு விடவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா,
அப்பாதுரை.