செத்தமீன் பச்சை

லேப்பம்மா,

இன்று காலை பெயிண்டு பிரஷ் எடுக்கப் பையைத் திறந்தேன். உங்கள் தண்ணீர்ச் சோதனை மருந்துப் புட்டி மூடி கழன்று, பழந்துணியெல்லாம் ஆஸ்பத்திரி நெடி. தின்னரிலேயே குளித்து வளர்ந்த என் மூக்கே எரிந்தது. "போயும் என்னை நிம்மதியா உடமாட்டீங்களா?" என்று சத்தமாகவே திட்டினேன். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் தன்னைத்தான் சொல்கிறேன் என்று நகர்ந்து உட்கார்ந்தார்.

நாகர்கோவிலிலிருந்து வந்து, பருத்திப்பட்டு ஏரிக்கரை அடுக்குமாடியில் நீங்கள் வாடகைக்குக் குடியேறிய புதிது. தண்ணீர் சோதிக்கும் லேபில் வேலை; அதனால் எனக்கு லேப்பம்மா. நான் உங்கள் ஹாலுக்குப் பெயிண்டு அடிக்க வந்தவன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பால்கனியில் நின்று ஏரியைக் காட்டினீர்கள்.

"அண்ணே, அந்தத் தண்ணி என்ன கலரு, சொல்லுங்க பாப்போம்."

"பச்சை."

"எந்தப் பச்சை?"

"முந்தாநேத்து அரைச்ச கொத்தமல்லிச் சட்னி."

நீங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

மறுநாள் ஒரு பாட்டில் ஏரித் தண்ணீரோடு வந்து, சின்னக் குழாயில் ஊற்றி மருந்துச் சொட்டு விட்டீர்கள். மஞ்சளாகவே நின்றால் நல்ல தண்ணீர். பச்சை ஏறினால் சாக்கடை கலந்திருக்கிறது. குழாயை ஒரு நிற அட்டைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தீர்கள்.

"இன்னாம்மா இது, ஷேடு கார்டு! இதுக்கா காலேஜ் போய்ப் படிச்சீங்க?"

"ஆமாண்ணே. ரெண்டு பேருக்கும் ஒரே பொழப்பு."

அப்படித்தான் ஆரம்பித்தோம். ஏரியைப் பார்த்த அடுக்குமாடி மதிலில் மாதம் ஒரு பட்டை. நிறம் என் பொறுப்பு: அன்றைக்கு ஏரி எப்படி இருக்கிறதோ, அதைக் கண்ணால் பிடித்துக் கலக்குவேன். உயரம் உங்கள் பொறுப்பு: தண்ணீர் கெடக் கெடப் பட்டை குட்டையாகும். கீழே நான் வைக்கிற பெயர். மழை விட்ட மாதம் 'இளநீர்', ஆள் உயரம். கோடையில் 'கான்ஸ்டபிள் டவுசர்', இடுப்பு உயரம். "ரிப்போர்ட்டுன்னா யாரும் படிக்கமாட்டாங்கண்ணே. இதை நடந்து போறவங்க பாத்தாப் போதும்" என்பீர்கள்.

அப்புறம் உங்கள் அடுக்குமாடியே கழிவுக் குழாயை ஏரிக்குள் திருப்பிவிட்டது. மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கரை ஒதுங்கின. முழங்கால் உயரத்துக்கு ஒரு பட்டை, கண்ணைப் பறிக்கும் பச்சை. 'செத்தமீன் பச்சை' என்று எழுதினேன். நீங்கள் சிரிக்கவில்லை. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேட்டீர்கள். வாடகைக்கு இருப்பவர்கள் பேசக்கூடாது என்று உட்கார வைத்தார்கள். அடுத்த மாதம் காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. ஊருக்கு ஆம்புலன்ஸில்தான் போனீர்கள். சாமான்களைக் கட்ட வந்த உங்கள் அக்கா சோதனைப் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு அழுதார்.

போன மாதம் சங்கச் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். கட்டடம் முழுக்கப் பெயிண்டு அடிக்கவேண்டுமாம். மதிலுக்குக் கூட்டிப்போனார்.

"எவ்வளவு நாளா சாம்பிள் அடிச்சு வெச்சிருக்கீங்க! கமிட்டில செலக்ட் பண்ணிட்டோம்." குனிந்து அந்தக் குட்டைப் பட்டையைத் தட்டினார். "இதான். ஃப்ரெஷ்ஷா இருக்கு. பேருதான் ஒரு மாதிரி."

ஊரையே கிண்டல் பண்ணுகிற எனக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும். வரவில்லை. காது சுட்டது.

"சார், அது சாம்பிள் இல்ல. உங்க ஊட்டு கக்கூஸ் தண்ணி."

"என்னப்பா பேசறே?"

"ஒரு அம்மா கூட்டத்துல எழுந்து கேட்டாங்களே, அதான் இது. அதையே மொட்டை மாடி வரைக்கும் பூசிக்கப் போறீங்களா?"

"யாரு, அந்த டெனன்ட்டா? பேரு என்னமோ…"

பேரு என்னமோ. அந்த வேலை எனக்கு வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

வேறு ஆள் வைத்து அடித்துவிட்டார்கள். நாலு மாடியும் இப்போது செத்தமீன் பச்சை. வாசலில் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். நம் மதிலுக்கு மட்டும் வெள்ளை. ஒரு பட்டைகூட மிச்சமில்லை. அவர்கள்மேல் இருக்கிற கோபத்தில் பாதி உங்கள்மேலும் இருக்கிறது. பாதி வேலையில் நின்றுபோகிற கூலியாள்கூட ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவான்.

இன்று மாதத்தின் முதல் ஞாயிறு. கசிந்தது போக மிச்சமிருந்த மருந்தை ஏரித் தண்ணீரில் சொட்டுவிட்டு, உங்கள் அட்டைக்குப் பக்கத்தில் பிடித்தேன். அட்டையின் கடைசிப் பச்சையையும் தாண்டிவிட்டது. நம் வெள்ளை மதிலில் கணுக்கால் உயரத்துக்குப் பட்டை அடித்தேன். அவ்வளவு கோபத்திலும் கோடு நேராகத்தான் வந்தது. கீழே, வழக்கமாக நிறத்தின் பெயர் எழுதும் இடத்தில், உங்கள் பெயரை எழுதினேன். "சாக்கடைக்கு எம்பேராண்ணே?" என்று நீங்கள் கத்துவது எனக்குக் கேட்காமல் இல்லை. இருக்கட்டும். இனி அந்தச் செயலாளருக்குப் பேரு மறக்காது.

இன்னொன்று, லேப்பம்மா. பழைய சுவரில் நிறம் மங்கித்தான் தெரியும். பிரைமர் என்று முதலில் வெள்ளை பூசி, அதன்மேல் அடித்தால் அக்கரை வரைக்கும் பளிச்சென்று எடுக்கும். நமக்கு பிரைமர் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.