துறைமுகச் சாலை வளைந்த இடம்

என் ஜமால் மச்சானுக்கு,

நீ போனதிலிருந்து வம்பளக்க ஆளில்லாமல் என் நாக்கு துருப்பிடித்துக் கிடக்கிறது. அங்கே டீ நன்றாக இருக்கிறதா? இங்கே எல்லாரும் நலம். உன் சபியாதான், "உங்க கூட்டாளிக்கு ரெண்டு வரி எழுதுங்கண்ணே" என்று என்னை நச்சரித்துக்கொண்டிருக்கிறாள்.

போன வாரம் நாகப்பட்டினத்தில் ஒரு கூட்டம். நம் கடற்கரைத் துறைமுகங்களில் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு எங்கே, எதில் முதல் போடுவது என்று திட்டம் தீட்டுகிறார்கள். இளமையில் நீ வரைபடம் போட, நான் கணக்கு எழுதிய அதே திட்டம்தான். அட்டை மட்டும் புதிது. பழைய ஆள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

ஓர் இளம் அதிகாரி திரையில் துறைமுகச் சாலையைக் காட்டினாள். "சார், இந்த இடத்துல மட்டும் ரோடு ஏன் இப்படி வளையுது? அப்போ போட்டவங்ககிட்ட ஸ்கேல் இல்லையா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் அவர்களுக்கு நான் சொன்னதைக் கேள். கூட்டிச் சொல்லியிருந்தால் திருத்து.

புதுக் கட்சி ஆட்சிக்கு வந்து, நில உச்சவரம்புச் சட்டத்தால் மிராசுதார்கள் கதிகலங்கியிருந்த காலம். கூலிக்கும் குத்தகைக்கும் ஊருக்கு ஊர் தகராறு. நெல்லைக் கப்பலேற்ற நீ போட்ட சாலைக்கு இரண்டே வழிகள். நேராகப் போனால் கூலிக்காரர்களின் தெரு இடிபடும். வளைத்தால் பண்ணையாரின் வயல் போகும். நீ வளைத்தாய்.

பண்ணையார் ஆபீசுக்கே வந்தார். "நேரா போடுங்க தம்பி. இல்லேன்னா மாத்தல் வாங்கிக்கிட்டு ஏதாவது தீவுல கலங்கரை விளக்குக்கு எண்ணெய் ஊத்திட்டிருப்பீங்க." சபியாவுக்கு அப்போது நிறைமாதம். உனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் வரைபடத்தில் போட்ட கோட்டை நீ அழிக்கவில்லை.

ஊர்க் கூட்டத்தில், தாசில்தார் முன்னால் பண்ணையார் எழுந்தார். "என் வயல்ல ரோடு வரக் கூடாது."

"அது உங்க வயலுங்களா ஐயா?" என்று நீ பணிவாகக் கேட்டாய்.

உச்சவரம்புக்குப் பயந்து அந்த வயலைத் தன் சமையல்காரர் குப்புசாமி பேரில் அவர் எழுதிவைத்திருந்தது ஊருக்கே தெரியும். தன்னுடையது என்றால் சட்டம் பிடுங்கும். இல்லை என்றால் பேச வாயில்லை. தாசில்தார் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு ஆவலாகப் பார்த்தார்.

"குப்புசாமியோடதுங்க," என்றார் பண்ணையார், மென்று விழுங்கி.

"அப்ப அவரே சொல்லட்டுங்க."

கூட்டத்துக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்த குப்புசாமி டபராவும் கையுமாக வந்தார். பண்ணையார் அவரைக் கண்ணாலேயே வறுத்தார்.

"எனக்கு ஆட்சேபனை இல்லீங்க. தாராளமா போட்டுக்குங்க."

"டேய் குப்பா!"

"என்னங்க? என் நிலம்னு நீங்கதானே கையெழுத்து வாங்குனீங்க?"

தெருக்காரர்கள் அடித்த விசிலில் தாசில்தாரே சிரித்துவிட்டார். நீ மட்டும் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாய்.

குப்புசாமி அதன்பிறகு பண்ணை வீட்டுப் பக்கம் போகவில்லை. சாலைக்குப் போக மிஞ்சிய நிலத்தில் ஓட்டல் போட்டார். வேறு கைச் சமையல் இறங்காத பண்ணையார், கடைசிவரை ஆள் அனுப்பி அங்கிருந்துதான் சாம்பார் வாங்கினார். நாம் திட்டமிட்ட பெரிய கப்பல்துறைதான் வரவேயில்லை. துறைமுகத்துக்காகச் சாலை கேட்டோம், சாலையோடு நின்றுவிட்டது. அதற்காக நீ எத்தனை நாள் என்னிடம் புலம்பியிருப்பாய்?

இப்போது கன்டெய்னர் லாரி திரும்பாது, வளைவை நிமிர்த்த வேண்டும் என்கிறார்கள். நான் எழுந்து, "தெருவுல கேட்டீங்களாம்மா?" என்றேன். யாரும் கேட்டிருக்கவில்லை. மறுநாளே அந்த அதிகாரி என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அங்கே போனாள். செல்வராணி என்று ஒரு பெண், இடுப்பில் குடத்தோடு நின்று கேட்டாள்: "லாரி திரும்பலேன்னா வளைவை அகலமாக்குங்க. வீட்டை இடிச்சா நாங்க எங்கிட்டுத் திரும்புறது?"

அதிகாரி ஜீப்பின் மேலேயே வரைபடத்தை விரித்து, உன் வளைவை இன்னும் அகலமாக வரைந்தாள். அடுத்த கூட்டத்திலும் அதையே ஏற்றுக்கொண்டார்கள். கோடு கொஞ்சம் கோணல்தான். நீ பார்த்திருந்தால் திட்டியிருப்பாய்.

திட்டம் முடியும்போது பலன் பார்க்கும் குழுவிலும் என்னைப் போட்டிருக்கிறார்கள். இந்த வயதில்! நான் அப்போது எந்தப் பக்கம் இருப்பேன் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. உனக்கு வாக்குத் தருகிறேன் மச்சான்: இங்கே இருக்கிறவரை ஒவ்வொரு கூட்டத்திலும் அந்தத் தெருவுக்காகக் கத்துவேன். அப்புறம் உன் பக்கத்தில் இடம் போட்டுவை. ஆட்சேபனையை அங்கிருந்து அனுப்பலாம்.

உன் தங்கையைக் கட்டாமலேயே உனக்கு மச்சானான
கோவிந்தராஜன்