கீழ்வரிசைக்கு மேலே இருக்கும் வீடு

ஜெகதளா,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புத் தம்பி லோகுவுக்கு,

ஜபல்பூரில் நீயும் காயத்ரியும் பிள்ளைகளும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். இங்கே மச்சானுக்கு மூட்டுவலி கூடியிருக்கிறது. மற்றபடி குறையில்லை. நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். எதிர்க்கட்சிக்கு எதுவும் எழுதக் கூடாது என்று வக்கீல் சுவிசேஷமுத்து சொல்லியிருக்கிறார். எதிர்க்கட்சி என்று அவர் யாரைச் சொல்கிறார் என்று ஒரு நிமிடம் முழித்தேன். பாகம் கேட்டு வழக்குப் போட்டவளே நான்தான், அப்படியும் முழித்தேன்.

மழை விட்டுத் தேயிலைக் கொழுந்து நன்றாக வந்திருக்கிறது. காட்டெருமைகள் கேட் வரைக்கும் வந்து போகின்றன.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் சர்வேயர் வந்து தீர்ப்புப்படி எல்லைக் கல் நட்டார். கல் நம் வீட்டுக்குக் கீழே விழுந்தது. "கல்லுக்குக் கீழதானுங்க உங்க பாகம், மேல இருக்கிறதெல்லாம் தம்பிக்குங்க" என்றார். அப்படியானால் வீடு உனக்கு. வீடு அக்காவுக்கு என்று நீயே முதலில் ஒப்புக்கொண்டாயே?

அப்பா சில்வர் ஓக் மரங்களை இரண்டு வரிசையாக வைத்தது உனக்குத் தெரியும். வீட்டுக்கு மேலே இருப்பதுதான் எல்லை. கீழே இருப்பது காற்றுக்குத் தடுப்பு. கோர்ட் அனுப்பிய கமிஷனர் அளக்க வந்த அன்று பனிமூட்டமாய் மஞ்சு இறங்கி மேல்வரிசையே கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் கீழ்வரிசையிலேயே அளவுச் சங்கிலியைப் போட்டுவிட்டார். நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றோம். நீ சொல்வாய் என்று நான் இருந்தேன். நான் சொல்வேன் என்று நீ இருந்தாயோ என்னவோ. பிறகு அந்த அறிக்கைக்கு இரண்டு பேருமே ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டோம். சத்தியமாக நான் படித்துப் பார்க்கவில்லை.

தீர்ப்பைத் திருத்தித் தரச் சொல்லி மனுப் போட்டேன். அப்பா பெயரை இராமமாணிக்கம் என்று அடித்திருந்தார்கள். அதை இராஜமாணிக்கம் என்று அன்றைக்கே திருத்திவிட்டார்கள். வீட்டுக்கு மட்டும் முடியாதாம். எழுத்தில், கணக்கில் கை தவறியிருந்தால் திருத்தலாம், இரண்டு பேரும் ஏற்றுக்கொண்ட எல்லையை மாற்றினால் அது புதுத் தீர்ப்பாகிவிடும், அதற்குத் தனக்கு அதிகாரம் இல்லை என்று நீதிபதி சொன்னார். தவறு நடக்கவில்லை என்று அவர் சொல்லவே இல்லை, லோகு. தவறுதான், ஆனால் திருத்த முடியாது என்றால் நான் அதை எப்படிப் புரிந்துகொள்வது? அப்பீலுக்கும் கெடு தாண்டிவிட்டது. நான் ஜெயித்தேனா தோற்றேனா என்று மச்சானைக் கேட்டால், "எனக்கென்ன தெரியும், ரெண்டும்தான் போல" என்கிறார்.

சமையலறைத் தகரம் ஒழுகுகிறது. மாற்றலாம் என்று ஆளைக் கூப்பிட்டுவிட்டு, உன் கூரையில் நான் கை வைக்கலாமா என்று தெரியாமல் திருப்பி அனுப்பிவிட்டேன். பாத்திரம் வைத்துத் தண்ணீர் பிடிக்கிறேன்.

நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பத்திரம் போட்டால் போதும், கோர்ட் குறுக்கே வராது என்று வக்கீல் சொல்கிறார். வீட்டுக்குப் பதிலாகக் கீழே என் பாகத்தில் எந்தப் பக்கம் வேண்டுமோ எடுத்துக்கொள், ஊற்று இருக்கும் பக்கமே ஆனாலும் சரி. பத்திரம் போட மனமில்லை என்றால் அதையாவது எழுது. கோபம் வரும், இருந்தாலும் நீ என்ன நினைக்கிறாய் என்று தெரியாமல் இருப்பதற்கு அது பரவாயில்லை.

பொங்கலுக்கு லீவு கிடைத்தால் எல்லோரும் வாருங்கள். கேட்டில் நின்று கூப்பிடாதே, நேரே உள்ளே வா. உன்னை வா என்று சொல்ல இப்போது எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன்.

பிள்ளைகள் நூறு வயசு நன்றாக இருக்கட்டும்.

உன் வீட்டிலோ என் வீட்டிலோ இருக்கும்
உன் அக்கா,
லீலாவதி