கூப்பிட்ட காரணம்

மே 29, இரவு. காசிமேடு.

நடந்த எல்லாவற்றையும் உண்மையாக எழுதிவிடுகிறேன். லீவுக்குத் தோழி செல்வியின் வீட்டுக்கு வந்திருக்கிறேன். காலையில் அவள் அப்பா கட்டுமரத்தைக் கடலில் தள்ளும்போது, துறைமுகக் கம்பத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறுவதை நான் மட்டும் பார்த்தேன். "மாமா, நில்லுங்க!" என்று கத்தினேன்.

செல்வியின் அம்மா என் வாயைப் பொத்தினார். "கடலுக்குப் போற ஆம்பளைய பின்னால கூப்டுவியா? இன்னா பொண்ணுமே நீ, இஸ்கூல்ல இத்தக்கூடவா சொல்லித் தர்ல?" கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வெட்கத்தில் கூண்டைப் பற்றிச் சொல்லாமலே இருந்துவிட்டேன். மாமா கடலுக்குள் போய்விட்டார்.

மதியம் புயல் வந்தது. மாமா இன்னும் வரவில்லை. நான் கூப்பிட்டதால்தான் என்று அத்தை அழுகிறார். ஏன் கூப்பிட்டேன் என்பதை இப்போது எப்படிச் சொல்வது?

மாமாவுக்குக் கரை தெரிய வைத்த லாந்தருக்கு எண்ணெய் போதவில்லையாம். நான் எழுதும் இந்த விளக்கின் எண்ணெயை அதில் ஊற்ற, செல்வி இதையும் அணைக்க வருகிறாள்.