இசக்கி கேட்ட கேள்வி

ஞாயிறு, இரவு

இன்று செம்பூரில் மச்சினன் மகள் சடங்கு. கூட்டம் இருந்தும் களைகட்டவில்லை. இசக்கி உயிரோடு இருந்தால் இப்படியா இருக்கும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.

எங்கள் பட்டறையில் தோல் பைகளுக்கு சொல்யூஷன் பசை தடவுவது அவன் வேலை. எந்த விசேஷத்திலும் பிரியாணி அண்டாவைத் திறந்ததும் குனிந்து முகர்ந்துவிட்டு, "ஏலே, மணக்குதா?" என்று அப்பாவியாகக் கேட்பான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்போம். போன மழைக்காலத்தில் மூச்சு முட்டிப் போய்ச் சேர்ந்தான். மறுவாரமே முதலாளி என்னை அவன் இடத்தில் உட்கார வைத்தார். ஜன்னல் இல்லாத மூலை அது.

இன்று அண்டாவைத் திறந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். ஆவி முகத்தில் அடித்தது. மச்சினனிடம் மெதுவாகத்தான் கேட்டேன், "மணக்குதா?" என்று. பந்தியே சிரித்தது. "அப்படியே இசக்கிதாம்டே" என்று ஒருவர் முதுகில் தட்டினார்.

தாராவிக்குத் திரும்பும் பஸ்ஸில் என் வீட்டுக்காரியும் சொன்னாள்: "இசக்கி அண்ணன் மாதிரியே கேட்டீய. ஒங்களுக்கு வெளாட்டுப் பேச்சே வராதே."

நானும் சிரித்து வைத்தேன்.

அவள் தூங்கிவிட்டாள். அவள் கழற்றி வைத்த மல்லிகைச் சரத்தை மூக்கோடு அழுத்திப் பார்த்தேன். ஈரம்தான் தெரிகிறது.