ஹெட்ஃபோனின் கரகரப்பு

செவ்வாய், இரவு.

புது ஹெட்ஃபோனில் சத்தத்தை முழுதாகக் கூட்டினால் கரகரக்கிறது. இன்று சித்தூரிலிருந்து திருப்பதிக் கடைக்கே கொண்டுபோய்ச் சண்டை போட்டேன். கடைக்காரர் பேஸைக் குறைத்தார், வேறு போனில் மாட்டினார். கரகரப்பு போகவில்லை. கடைசியில் சத்தத்தைப் பாதியாக்கித் தன் காதில் வைத்துப் பார்த்தார்.

"சுத்தமா கேக்குது சார். எதுக்கு ஃபுல்லா வெக்கிறீங்கோ?"

வாங்கி என் காதில் வைத்தேன். பாட்டில் ஒரு வரிகூடப் பிடிபடவில்லை.

"செவி சூப்பிஞ்சுகோண்டி சார்" என்றார் தெலுங்கில். சாவி கேட்கிறார் என்று சட்டைப்பையைத் துழாவினேன்.

கூட வந்திருந்த மனைவி சிரித்துவிட்டாள். "சாவி இல்லய்யா, காத டாக்டர்கிட்ட காட்டச் சொல்றாரு."

தூக்கம் வரவில்லை. என் வணக்கத்துக்குப் பதில் சொல்லாதவர் என்று, பக்கத்து வீட்டு முனிரத்தினத்தோடு மூன்று வருடமாக நான் பேசுவதில்லை.

சொல்லியிருப்பாரோ?